வலை இல்லாத இடம்

ஒலுவிலில் கரண்ட் வந்து வந்து போகிறது.
திரையில் நீல இலத்திரன் வலை,
வலைக்குள் மருந்து.

ஷிபானா சுழற்றுகிறாள்.
பிணைச்சலில் ஓர் ஐதரசன் பிணைப்பு,
வாயிற்காவலனோடு இன்னொன்று.
பூட்டும் சாவியும் என்று எழுதி அழித்தாள்:
பூட்டு வளைந்து கொடுக்காது,
இது கொடுத்திருக்கிறது.

காவலனில் ஓர் ஒட்சிசன் போய்
இரண்டு காபன் வந்தால் போதும்,
மாத்திரை வெளியே நிற்கும்.
கல்முனை ஆஸ்பத்திரியில் றிபாய் காக்காவுக்கு
மூன்றாம் மாதமும்
வெள்ளணுக்கள் இறங்கவில்லை.

பளிங்கில் ஓரிடத்தில் வலையே இல்லை.
பன்னிரண்டு அமினோ அமிலங்கள்
ஆடிக்கொண்டே இருந்ததால்
எக்ஸ் கதிரில் விழாதவை.
ஊகித்து நிரப்பலாம் என்கிறது மென்பொருள்.
வேண்டாம்.

கரண்ட் போய்விட்டது. பற்றரி பதினொரு வீதம்.
துறைமுகப் பக்கம் கடல் மண்ணை அரிக்கும் சத்தம்.
அந்த வெறுமையை இன்னொரு தரம்
சுழற்றிப் பார்க்கிறாள்.