இதர செலவுகள்

சால் தீவு. விமான நிலையத்தின் புறப்பாட்டு வரிசை.
கழுத்தில் அட்டையும் கையில் படிவமுமாக நிற்கிறேன்.
"ரெண்டே நிமிஷம். எங்கள் தீவில்
எவ்வளவு செலவழித்தீர்கள்?"

முதலில் எல்லோரும் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள்.
நீலப் பட்டை. எல்லாம் அடக்கம்.
ஜனவரியிலேயே மான்செஸ்டரில் கட்டிய பணம்;
பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்ட பணம்.

ஓட்டல் மதிலுக்குள் தட்டில் விழுந்த மீன்
உறைந்து, கப்பலில் வந்தது.
மதிலுக்கு வெளியே, படகுத்துறைப் பலகைமேல்
ஸெனாய்தா சூரை அறுக்கிறாள்.
காலையில் மட்டும் அவளைப் படமெடுத்தவர்கள் நாற்பது பேர்.
அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

குறை சொல்லவும் வாய் வரவில்லை.
விமானம் வராத வருஷம்
அண்ணன் அடெரித்தோ டாக்ஸியின் டயர்களை விற்றான்,
பிறகு இருக்கைகளை,
பிறகு நாங்கள் கேட்கவில்லை.
இப்போது தலைக்குமேல் இரைச்சல் எழுந்தால்
உலை கொதிப்பதுபோல் கேட்கிறது.

இன்று ஒரு டச்சுக்காரி கைப்பையைக் கவிழ்த்தாள்.
"இந்தக் காசு எங்கள் ஊரில் செல்லாதாமே?"
எழுபத்தைந்து எஸ்குடோ, என் உள்ளங்கையில்.
வாங்கக் கூடாது என்பது விதி.
வரிசை நகர்ந்துவிட்டது, அவளும்.

'இதர' என்ற கட்டத்தில் எழுதினேன்: 75.

வேலை முடிந்து துறைக்குப் போய் அதை நீட்டினேன்.
ஸெனாய்தா இருமுறை எண்ணிவிட்டு
வால்துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றினாள்.
"இன்றைக்கு முதல் போணி" என்றாள்,
தெருவிளக்கு எரிந்த பிறகு.