ஏழரை மணிப் படகு

மணல்திட்டிலிருந்து கிளைபேதாத் துறைமுகத்துக்குப்
பத்து நிமிடம்.
கூடைப்பந்தில் ஒரு கால்பகுதிக்கும் அதே பத்து.
அதனால்தானோ என்னவோ
நான் கயிற்றை அவிழ்த்ததும்
யாரோ விசில் ஊதியதுபோலத் தொடங்கிவிடுகிறார்கள்.

பிப்ரவரி. மேலே சூடான அறை இருந்தும்
கார்களுக்கு நடுவே நின்றே பேசுவார்கள்.
வைதோதாஸின் வேனில் புகைபோட்ட மீன் வாசம்.
"கொர்பாரைத் துரத்தணும். இன்னைக்கே.
நாற்பது நொடி மிச்சம், கையில ரெண்டு டைம் அவுட்,
அந்த ஆள் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான்
பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி."

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்"
என்பாள் ஸ்கிர்மாந்தே. சுங்க அலுவலகத்தில் வேலை,
எதையும் எண்ணிப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வாள்.
"ஏழடி ஆள் ஒருத்தன் இருந்தான், அவனையும்
நவம்பர்ல துருக்கிக்காரனுக்கு வித்தாச்சு.
ரீபவுண்டை இனி யார் பிடிக்கிறது, நானா?"

எவ்கேனியுஸ் மட்டும் பழைய பயிற்சியாளர் கட்சி.
அந்தப் பயிற்சியாளர் இங்கே இருந்த காலத்தில்
அவருடைய கார்மேல் முட்டை எறிந்தது யார் என்பதை
இந்தப் படகில் ஒருவரும் எடுப்பதில்லை.

பத்து அணியில் ஏழாம் இடம். எட்டுப் பேர் உள்ளே போகலாம்.
மிச்சம் பதினொரு ஆட்டம்.
ஸ்கிர்மாந்தே கையுறையைக் கழற்றி விரல்விடுகிறாள்:
இதில் நாம் ஜெயித்து, அதில் அவர்கள் தோற்று,
பனெவேஜிஸ்காரர்கள் யாரிடமாவது அடிவாங்கினால்...
ஓர் அலை. தடுமாறுகிறாள்.
விட்ட விரல் எது என்று தெரியவில்லை.
மறுபடி கட்டைவிரலிலிருந்து.

அந்தப் புதன்கிழமை மூடுபனி.
பாதி வழியில் கேப்டன் கோந்த்ரிமியேனே
எஞ்சினை அடக்கிவிட்டார்.
"பாருங்க, டைம் அவுட்னா இப்படி எடுக்கணும்!"
வைதோதாஸ் சொன்னதும்
லாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார்.

நான் டிக்கெட் பார்த்தபடி கடைசி வரிசைக்குப் போனேன்.
சாம்பல் நிற ஓப்பல். கண்ணாடி விரலளவு இறங்கியிருந்தது.
தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்ட மனிதர்.
டாஷ்போர்டில் ஐந்து சர்க்கரைப் பொட்டலங்கள்,
காபிக் கடையில் சும்மா கொடுப்பவை.
மூன்று வெளியே, இரண்டு கூடைக்கு அடியில்.
ஸ்லோவேனிய நாக்கில் உடைந்த 'காலை வணக்கம்' சொன்னார்.
எனக்கும் ஒரு கருத்து இருந்தது,
நம் ஜோன் டிஃபென்ஸ் பற்றி, மூன்று வருடமாக.
டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

நாலு கார் தள்ளி வைதோதாஸ் கத்துகிறான்:
"பதினொன்னாம் நம்பரை உட்கார வை!
அவன் கைக்குப் பந்து போச்சுன்னா
ஈஸ்டருக்குத்தான் திரும்பி வரும்!"

வெளியே இருந்த பொட்டலங்களில் ஒன்று
நகர்ந்தது, கொஞ்சம் நின்றது,
ஸ்டீயரிங் ஓரமாகப் போய் உட்கார்ந்தது.
பிறகு அவர் அதைப் பிரித்து
ஆறிப்போன காபியில் கொட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பதினொன்றாம் நம்பர்
கடைசிப் பத்து நிமிடமும் பெஞ்சில்,
தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.
இரண்டு புள்ளியில் தோற்றோம்.

திங்கட்கிழமை.
"எந்த மடையன்யா பதினொன்னை உட்கார வச்சது?"
வைதோதாஸுக்குத் தொண்டை கட்டியிருந்தது,
இருந்தாலும் கரைவரை கேட்டது.
எவ்கேனியுஸ் பழைய பயிற்சியாளரின் பெயரைச் சொல்லிப்
பெருமூச்சு விட்டார்.
ஸ்கிர்மாந்தேயிடம் புதுக் கணக்கு:
எட்டாம் இடம். மிச்சம் பத்து ஆட்டம்.
"இப்பவும் உள்ளேதான் இருக்கோம்" என்றாள்,
விரல்கள் சரியாகப் பத்து இருப்பதில்
ஒரு சின்னத் திருப்தி.

ஓப்பலும் வந்திருந்தது, கடைசி வரிசையில்.
கண்ணாடியை முழுக்க ஏற்றியிருந்தார்.
உள்ளே என்ன அடுக்கியிருந்தார் என்று
மூச்சுப் படிந்த கண்ணாடியில் தெரியவில்லை.

கயிற்றை அவிழ்த்தேன்.