புடைப்பு

சயான் சர்க்கிளில் முப்பது வருடமாய்
பஞ்சர் ஒட்டுகிறேன்.
காற்று எங்கே கசிகிறதென்று
தண்ணீர்த் தொட்டி சொல்லிவிடும்.

பரேலில் அந்த டாக்டரம்மா
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
குடலோரம் விரலால் கோடு இழுத்தார்.
கருப்புக் குமிழ்கள், கோத்தாற்போல்.
"ஓட்டையா மேடம்?"
"ஓட்டை இல்லை. சுவருக்குள்ளேயே காற்று.
கீமோ போனால் சிலருக்கு இப்படி ஆகும்."

டயரின் கன்னத்தில் காற்று புகுந்து வீங்கினால்
வண்டிக்காரனிடம் ஒரே வார்த்தைதான் சொல்வேன்.
அதை அங்கே விழுங்கிக்கொண்டேன்.

கத்தி வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள்.
செல்லக்கனிக்கு வாய்வழி ஒன்றும் கிடையாது.
மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய்,
முகத்தில் ஆக்சிஜன்.
காற்றை விரட்டக் காற்று.
என் தொழிலில் இப்படி ஒரு வைத்தியம் இல்லை.

தினமும் காலையில் சிஸ்டர் கேட்பாள்,
காற்று பிரிந்ததா என்று,
மராத்தி கலந்த இந்தியில், வார்டு முழுக்கக் கேட்கும்படி.
இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.
கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம்,
பத்துக்குப் பத்து அறை,
ஒருநாள்கூட என் காதில் விழ விட்டவளில்லை.

நேற்று ஒரு டாக்சிக்காரன்
பக்கவாட்டில் புடைத்த டயரோடு வந்தான்.
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றிருக்கிறேன்.
"க்யா ஹுவா அண்ணா?" என்று அவன் தோளைத் தொட்டதும்தான்
விரலை எடுத்தேன்.

இன்று ஏழாம் நாள்.
பார்வை நேரத்துக்குப் போனால்
ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
கிட்டே வா என்று கண்ணால் கூப்பிடுகிறாள்.
குனிந்தேன்.
"விடியக்காலம்... ரெண்டு தடவ.
சிஸ்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.
மெதுவா."