தொகுதி இலக்கம்

செவ்வாய்க்கிழமை மட்டக்குளியில் பார்த்த பெட்டி
வியாழன் காலை ஜம்பட்டா வீதியில்
எனக்கு முன்னே மேசையில் இருந்தது.
நீல மூடி. மூலையில்
யாரோ நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளி.

முதலில் நம்பவில்லை.
நீல மூடிப் பெட்டிகள் புறக்கோட்டை நடைபாதையில்
குவித்து வைத்து விற்கிறார்கள்.
அம்பூலைத் திருப்பினேன்.
ஏ ஆர் 4417.
பதினெட்டு வருஷம் இந்த வேலை.
மகனின் பிறந்தநாளை ஒருதரம் மறந்திருக்கிறேன்,
இலக்கம் மறந்ததில்லை.
ஒரே தொகுதி பத்துப் பேருக்குப் போகலாம்.
சிவப்புப் புள்ளி போகாது.

"எல்லாம் சரிதானே மிஸ்?" என்றாள் ரொஷேல்.
புதுத் தாதி; வெள்ளைச் சட்டையில்
கடை மடிப்பு இன்னும் அழியவில்லை.
உள்ளே டொக்டர் பெனடிக்ற்
யாரையோ நாக்கை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்,
தேவைக்கு மேல் சத்தமாக.

படிவம், ஏழாம் பக்கம், அவசர மருந்துகள்.
அட்ரினலின்: உண்டு.
காலாவதித் திகதி: அடுத்த வருஷம் ஓகஸ்ட்.
ஒரு சரி போட்டால் போய்விடலாம்.
கீழே வானில் லியனகே ஹோர்ன் அடிக்கிறார்,
இன்னும் நாலு இடம் இருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது குளவி கொட்டினால்
இந்தப் பெட்டி எங்கே இருக்கும் பிள்ளை?"

மின்விசிறி இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது.

"இம்தியாஸ் நானாட த்ரீவீலர்ல மிஸ்.
பின் சீட்டுக்குக் கீழ.
டொலர் ஏறின நேரம் அஞ்சு டிஸ்பென்சரி சேர்ந்து வாங்கினது.
நீங்க வாற லிஸ்ட் முதல்நாளே வந்திரும்."

எங்கள் கந்தோரில் யார் அனுப்புவது என்று
அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆக, இத்தனை மாதமும்
ஒரே பெட்டியைத்தான் நான் பரிசோதித்திருக்கிறேன்.
ஆமர் வீதிச் சிக்னலில் எங்கள் வான் நிற்க
ஒழுங்கைகளால் புகுந்து
அது எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருக்கிறது,
பழக்கமான விருந்தாளிபோல.

ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தேன்.
தண்ணீர்போல் இருக்கவேண்டியது
கடைசிச் சாயம் ஊற்றிய கோப்பைபோல
மெல்லிய சிவப்பு.
சித்திரை வெயில். சீட்டுக்கடியில் இஞ்சின் சூடு.
திகதிக்கு இன்னும் பதினைந்து மாதம் இருக்கிறது.
மருந்துக்கு இல்லை.

"பழையது எறிந்துவிட்டீர்களா?"

அலுமாரியின் அடித்தட்டில், பஞ்சுக்குப் பின்னால்,
மா ரின் ஒன்றிலிருந்து எடுத்து வந்தாள்.
மூன்று அம்பூல். முடிந்து இரண்டு வருஷம்.
வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒரு நிறமும் இல்லை.
யாருக்கும் காட்டப்படாமல், எங்கும் போகாமல்,
இருட்டில் கிடந்ததால்
தெளிவாக இருந்தன.

படிவத்தில் திகதிக்கு ஒரு கட்டம் உண்டு.
நிறத்துக்குக் கட்டம் இல்லை.
விதி சொல்வது: முடிந்ததை என் கண்முன் உடைக்க வேண்டும்,
முடியாததை இருந்த இடத்தில் வைக்க வேண்டும்.

"எத மிஸ் உடைக்கிறது?"
கையில் குப்பைத்தொட்டியோடு நின்றாள்.

தெளிவாக இருப்பதால் வேலை செய்யும் என்றில்லை.
அவளுக்கு அதைச் சொன்னேன்.
எனக்கும்தான் சொன்னேன்.
அந்த நேரம் வெள்ளவத்தையில் எங்கோ
ஒரு பிள்ளை வாழ்நாளில் முதல்தடவை
இறால் வாயில் வைத்திருக்கும்.

எதையும் உடைக்கவில்லை.

இப்போது வெள்ளி இரவு.
ஏழாம் பக்கம் வெறுமையாக இருக்கிறது.
நீலப் பெட்டி என் கைப்பைக்குள்;
ரசீது எழுதிக் கொடுக்காமல் எடுத்து வந்தேன்,
பதினெட்டு வருஷத்தில் முதல்தரம்.
திங்கள் காலை மருதானையில் மூன்று இடம்
அதற்காக மேசையைத் துடைத்து வைத்திருக்கும்.

தெரியாத இலக்கம் ஒன்று
நாலாவது தடவையாக அழைக்கிறது.