துபாயின் முன்னங்கால்

துபாயில் பதினோரு வருடம் ஏசி கழுவிய காசில்
வாங்கியதால் அவள் பெயர் துபாய்.
செம்பட்டை. நெற்றியில் கோணலாய் ஒரு வெள்ளை.
தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுற்றுக்கு நூறு ரூபாய்,
பிள்ளை அழுது பாதியில் இறங்கினாலும் நூறுதான்.

ஆவணியில் ஒரு ஞாயிறு
யாரோ தோண்டி மூடாமல் போன மணற்கிணற்றில்
இடது முன்னங்கால் இறங்கியது.
முதுகிலிருந்த பண்ருட்டிப் பையன்
குதிரை குனிகிறதென்று கைதட்டினான்.
அவன் அப்பாவிடம் நான் காசு கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

ஒரு மாதம் ஒத்தடம், பற்று, ஐஸ்கட்டி.
வீக்கம் வற்றவில்லை.
குதிரையைக் குட்டியானையில் ஏற்றினேன்.
வழியெல்லாம் ஜனம் சிரித்தது.
குரும்பாப்பேட்டை கால்நடைக் கல்லூரியில்
டாக்டர் அமலோற்பவம் திரையைத் திருப்பினார்:
சாம்பல் நிற மழை, நடுவில் கறுப்பாய் ஒரு பொத்தல்.

“அது கிழிசல். தானா மூடணும்.
இது வேற, பாருங்க.
கணுவைச் சுத்தி ஒரு பட்டை, தடிச்சுப்போச்சு.
விரல் பெருத்தும் கழற்றாத மோதிரம் மாதிரி.
அதை அறுக்கணும்.”

ஒட்டவைக்கத்தான் வந்தேன் மேடம்.

“அறுத்தாத்தான் ஆறும்.”

எத்தனை மாசம்?

“ஆறு.”

அவர் சிரிக்கவில்லை.
நானும் அப்போது கவனிக்கவில்லை.

அறுத்தது இருபத்தைந்து நிமிடம்.
எழுவதுதான் கண்டம் என்றார்கள்.
வால்கயிறு என் கையில், தலைக்கயிறு தணிகாசலத்திடம்.
எழுந்தாள், சுவரில் மோதி விழுந்தாள்.
இன்னொரு தடவை, பாதி.
அப்புறம் நெடுநேரம் படுத்தே கிடந்தாள்.
மூன்றாவதில் நின்றாள்,
கால்கள் நாலும் இருக்கிறதா என்று
ஒவ்வொன்றாய் ஊன்றிப் பார்த்துக்கொண்டு.

திரும்பும் வழியில் முள்ளோடைச் சோதனைச் சாவடி.
வைக்கோலுக்கடியில் பாட்டில் தேடிய போலீஸ்காரர்
கட்டுப்போட்ட காலைத் தட்டப் போனார்.
“சார், அதுல எதுவும் இல்ல சார்,
என் காசு மட்டுந்தான்.”

நிற்கவிட்டால் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.
ஓடவிட்டால் பிய்ந்துவிடும்.
நடத்தணும். கையில் பிடித்து. கெட்டித் தரையில்.
முதல் வாரம் ஐந்து நிமிடம்.
நானூறு கிலோவை ஐந்து நிமிடம் நடத்திவிட்டு
மிச்சமுள்ள நாளை என்ன செய்வது?
துறைமுகத்தில் ஐஸ்வண்டி ஓட்டினேன்.

ஐப்பசி மழையில் கெடிலம் கொட்டகைக்கே வந்தது.
டாக்டர் சொன்ன ஆறு இதுதானா என்று
அந்த ராத்திரியில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.
மீன்பெட்டிகளை அடுக்கி அவளை மேலேற்றி
கட்டின்மேல் உரச்சாக்கைச் சுற்றிக் கட்டி
விடியும்வரை அவள் தாடைக்குக் கீழே நின்றேன்.
என் சட்டைக்காலரைத் தின்றாள்.

தை மாதம் தரகர் வந்தார். எட்டாயிரம் என்றார்.
பாசத்தால் மறுத்தேன் என்று யாரும் எழுதவேண்டாம்.
கடன் முப்பத்திரண்டு.

மாசிமகம்.
ஊர் ஊராய்ச் சாமிகள் கடலில் குளிக்க வந்தன.
வருடத்தில் என் பெரிய வசூல் நாள்.
மேளம் கேட்டு அவள் காது இரண்டும் கிழக்கே திரும்பின,
முன்னங்கால் தரையைச் சுரண்டியது, அந்தக் கால்தான்.
கயிற்றைச் சுருட்டிப் பிடித்து
எதிர்ப்பக்கம், தார்ரோட்டில், மஞ்சக்குப்பம் பார்த்து
இருபத்தைந்து நிமிடம் நடந்தோம்.
பலூனோடு வந்த ஒரு குழந்தை ஏற்றிவிடச் சொன்னது.
“காலு சரியில்ல கண்ணு.”
“யாருக்கு?”

போன மாதத் திரையில்
பொத்தல் பாதி நரைத்திருந்தது. நல்லதாம்.
இன்னும் ஓடக்கூடாதாம்.

தினமும் விடிகாலை குந்தி உட்கார்ந்து
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல்
புறங்கையால் தொடுவேன்,
வலது கால் முதலில், அப்புறம் இடது.
இன்றைக்கு இரண்டும் ஒரே குளிர்ச்சி.

என் கைதான் மரத்துவிட்டதோ என்று
தேய்த்துச் சூடேற்றி
மறுபடி தொட்டேன்.