வரிசை எண் ஏழு

தேவகோட்டை தபாலாபீஸுக்கு எதிரே
என் ரெமிங்டன் மிஷினும் நானும்
அறுபத்து நாலிலிருந்து எழுபத்தொன்று வரை
டெல்லிக்கு எழுதியபடி இருந்தோம்.
மகாகனம் பொருந்திய ஐயா,
பெகு ஜில்லாவில் நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் நெல்வயல்,
மோல்மேனில் ஒரு கிட்டங்கி,
இரும்புப்பெட்டி இரண்டு, சாவி என்னிடம்.
பக்கத்துக்கு நாலணா.
வசவுகளை நீக்கித் தருவது இலவசம்.

பதில் வரும். நல்ல தாளில் வரும்.
நட்பு நாடு என்றிருக்கும்.
உள்விவகாரம் என்றிருக்கும்.
பரிசீலனையில் இருக்கிறது என்றிருக்கும்.
அந்தக் கடைசி வார்த்தை ஊருக்குப் பிடித்துப்போயிற்று.
பெண் கேட்டு வந்தவர்களிடம் சொன்னார்கள்,
மளிகைக்கடைப் பாக்கிக்குச் சொன்னார்கள்,
கண்டனூர் பஸ் எப்போது கிளம்பும் என்றால்
கண்டக்டரே சொன்னான்.
ரங்கூன் கதவடைத்த வருஷம் ஒரு கல்யாணத்தில்
பச்சரிசியில் கருப்பட்டியைக் கரைத்துக்
கவுனி அரிசி என்று பரிமாறினார்கள்.
சம்பந்திகள் மென்றார்கள், தலையிடவில்லை.
நல்லுறவு என்றால் என்னவென்று
அன்றைக்குப் புரிந்தது எனக்கு.

மெ.ஆவி. வந்தது ஓர் ஐப்பசி மழையில்.
நஷ்டஈட்டுப் படிவம், மூன்று பிரதி.
ஆறு இனங்கள் சொல்லி முடித்துக்
குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி,
"ஏழு போடுங்க" என்றார்.
"பெண் ஒன்று. பேர் மா தின்.
நான் கூப்பிட்ட பேர் சிகப்பி.
கப்பல் ஏறும்போது ஒன்பது வயசு."

அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?
படிவம்தான் கேட்டது, நான் கேட்கவில்லை.
வெகுநேரம் மழையைப் பார்த்தார்.
"அசையாது" என்றார்.
"அங்கேயே நிக்கிது. ஜெட்டியில."

சிகப்பி அவர் தாயார் பேர்.
இங்கே முன்பே பிறந்தவளுக்கும் அதே பேர்.
கடலின் இரு கரையிலும் ஒரே பேரை வைத்துவிட்டு
நடுவில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார் மனிதர்.

எட்டு மாதம் கழித்துப் பதில்:
வரிசை எண் ஏழு, சிகப்பி,
சொத்து என்ற வரையறைக்குள் வராது.
மற்றவை பரிசீலனையில்.
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுவாரம் மெய்யம்மை ஆச்சி வந்தார்.
ஆளனுப்பாமல் தானே,
வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு.
"சலவைக்குப் போட்ட சட்டையில இருந்துச்சு.
எனக்கு இங்கிலீசு தெரியாது, மகளைப் படிக்கச் சொன்னேன்.
எம் பேரு ஏன் டெல்லிக் காகிதத்துல இருக்குன்னு
அவ கேக்குறா, தம்பி."

நான் ரிப்பனைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது.

"பத்து வருஷமா எங்க வீட்டுலயும் அதே கொள்கைதான்.
தலையிடுறதில்லை.
இன்னைக்கு ஒரு தடவை தலையிடணும். அடிங்க.
சொத்துக்கு வேண்டாம், விசாவுக்கு.
அவுகளுக்குத் தெரிய வேண்டாம்."

மனுதாரருக்கு இவர் என்ன உறவு?
அந்தக் கட்டம் வரும்வரை விரல்கள் ஓடின.
தாய் என்றால் பொய்.
வேறெது சொன்னாலும் ஆச்சிக்கு முன்னால் அடிக்க முடியாது.
"அவ பேரு எம் மக பேரு. அதைப் போடுங்க."
இங்கிலீஷில் அதற்கு வார்த்தை இல்லை.
தமிழிலும் தேடிப் பார்த்தேன்.
கடைசியில் ஒரு கோடு அடித்தேன்,
கட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

காசு கொடுத்தார்.
வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன். மழைக்காலம், வீட்டில் நாலு வாய்.

மிஷினை விற்கும்வரை வெள்ளிதோறும்
வண்டிக்காரன் பெரியகருப்பன் வந்து நின்று
"ஆச்சி கேக்கச் சொன்னாக, ஏழு என்னாச்சு?" என்பான்.
ஊரே வாயில் வைத்திருந்த அந்த வார்த்தை
அவனிடம் மட்டும் வரவில்லை எனக்கு.
தபால் இன்னும் வரலை என்பேன்,
எதிரே தபால்காரர் பையை உதறிக்கொண்டிருக்கும்போதே.