தலை எண்ணிக்கை

வெர்ன் ஹலுஷ்கா எங்களுக்குப் பின்னம் சொல்லித்தந்தவர்.
மைனஸ் முப்பதிலும் வாசலில் நின்று
பேருந்திலிருந்து எங்களை எண்ணி இறக்குவார்.

பிறகு தேர்தல். பனியில் குத்திய பலகைகளில்
ஏப்ரல்வரை அவர் முகம்.

ரெஜைனாவில் பின்வரிசை நாற்காலி.
முதல் வாரம் யாரோ கிசுகிசுக்க
பழக்கத்தில் முறைத்தாராம்.
முறைப்பு வாங்கியவர் நிதியமைச்சர்.

நான்காம் ஆண்டு அந்த மசோதா:
ஐம்பது பிள்ளைகளுக்குக் கீழென்றால் பூட்டு.
எங்கள் பள்ளியில் நாற்பத்தேழு.
பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்றார்,
ஆதரவாக.

இப்போது பேருந்தை நான்தான் ஓட்டுகிறேன்,
ஒருவழி எழுபது கிலோமீட்டர்.
தானிய ரயிலுக்காக நிற்கையில் ஒருநாள்
பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கியது.
"எத்தனை பேர்?"

ஐம்பது என்றேன்.

ரயில் போய் முடிந்தும் நகரவில்லை.
ஜன்னல் ஜன்னலாக, உதடசைய,
எண்ணிக்கொண்டிருந்தார்.